இரண்டு மரத்துக்குத்தான் இடம்: பிரெய்ரிக் குளிரில் எந்த ஆப்பிளை வைப்பது?

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. கனடாவின் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளியில் இருக்கும் எங்கள் சஸ்கட்டூன் ஊரின் மேற்கு ஓரத்தில் புதிதாக வீடு வாங்கியிருந்த தம்பி ஒருவர், மரக்கன்று விற்கிற இடத்தில் நின்றபடியே போன் செய்தார்.

"அண்ணே, இங்க ஹனிக்ரிஸ்ப் கன்னு இருக்கு. நாம கடையில வாங்கித் தின்போமே, அதேதான். ரெண்டா எடுத்துரட்டுமா?"

"ஒண்ணும் எடுக்க வேணாம். நேரா வீட்டுக்கு வாங்க, காபி குடிச்சுக்கிட்டே பேசுவோம்."

அவசரமாகத் தடுத்ததற்குக் காரணம், அதே தப்பை நான் ஏற்கெனவே செய்திருந்தேன். சஸ்கட்டூனில் வீடு வாங்கிய முதல் வருஷம், ஒரு பெரிய கடையின் வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் ஹனிக்ரிஸ்ப் கன்று ஒன்றை வாங்கி வந்து நட்டேன். முதல் குளிர்காலத்தைத் தாண்டியது. இரண்டாவது முடிந்து மே கடைசியில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால், உச்சியிலிருந்து அடிவரை பழுப்பு. ஜூனில் மண்ணை ஒட்டி ஒரு துளிர் தளதளவென்று கிளம்பியது. மரம் பிழைத்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஐந்தாம் வருஷம் காய்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முளைத்தது ஹனிக்ரிஸ்ப் இல்லை, ஒட்டுக்குக் கீழே வேராக இருந்த வேறு மரம், அதாவது வேர்ச்செடி. கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய் அளவில் சிவப்புக் காய்கள். ஒன்றை வாயில் போட்டால் முகம் கோணிவிடும். குளிர்காலத்தில் கூட்டமாக வரும் வேக்ஸ்விங் பறவைகள் ஒரே நாளில் அதைக் காலி செய்துவிட்டுப் போகும். ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றியது அவற்றுக்குத்தான்.

ஹனிக்ரிஸ்ப் மோசமான ஆப்பிள் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட வகை. குளிர் தாங்கும் என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்தப் பெயரை அது மினசோட்டாவின் தெற்கில் வாங்கியது. அங்கேயே செப்டம்பர் கடைசியில்தான் பறிக்கிறார்கள். நமக்கோ செப்டம்பர் நடுவில் முதல் உறைபனி வந்துவிடும். அதுதான் சிக்கலே. மைனஸ் 40 ஐத் தொடுகிற ஜனவரி இரவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அந்த இரவுக்கு மரம் தயாராவது ஆகஸ்ட், செப்டம்பரில். பகல் குறையக் குறைய வளர்ச்சியை நிறுத்தி, குச்சியை முற்ற வைத்து, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை மெல்ல வெளியே தள்ள வேண்டும். தாமதமாகப் பழுக்கும் மரம் அக்டோபரிலும் வேலையில் இருக்கும். அப்படியே குளிரில் மாட்டிக்கொள்ளும்.

ஆப்பிள் மரத்தின் உள்கட்டைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதிலுள்ள தண்ணீர் உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் உறையாமல் நிற்கும். சுமார் மைனஸ் 40 வாக்கில் அந்தத் தாக்குப்பிடித்தல் சட்டென்று உடைந்துவிடும். அப்படி அடிபட்ட கிளையை வெட்டினால் நடுவில் கறுத்துப்போயிருக்கும். வெளியே துளிர்த்துக்கொண்டு, உள்ளே செத்துக்கொண்டிருக்கும் மரம் அது.

ஆகவே இந்த ஊரில் ஆப்பிள் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி, பிழைக்குமா என்பது. இரண்டாவது கேள்வியை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை: எப்போது பழுக்கும், பறித்த பிறகு எத்தனை நாள் தாங்கும்? ருசி, நிறம், பருமன் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பெரிதாக ஆக, தாங்குவது குறையும்

இங்கே விற்கிற ஏறக்குறைய எல்லா ஆப்பிளுக்கும் பின்னால் சைபீரியா இருக்கிறது. 1886இல் கனடா அரசு சோதனைப் பண்ணைகளைத் தொடங்கச் சட்டம் போட்டது. முதல் ஐந்தில் இரண்டு பிரெய்ரியில் அமைந்தன: மனிடோபாவில் பிராண்டன், இன்றைய சஸ்காச்சுவானில் இந்தியன் ஹெட். கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் கன்றுகள் வருஷா வருஷம் செத்தன. நின்றது சைபீரிய கிராப் என்ற காட்டு ஆப்பிள், மாலஸ் பக்காட்டா. மைனஸ் 50 என்றாலும் அசையாது. பழம் மட்டும் பட்டாணி அளவு. பண்ணைகளின் தலைவராக இருந்த வில்லியம் சாண்டர்ஸ் 1890களில் ஒட்டாவாவில் அதைப் பெரிய ஆப்பிளோடு கலக்கத் தொடங்கினார். பிறந்த பிள்ளைகளைப் பிராண்டனுக்கும் இந்தியன் ஹெட்டுக்கும் அனுப்பிக் குளிரில் சோதித்தார்.

ஒரு தலைமுறை கலந்தால் பழம் கோலிக்குண்டு அளவு. இன்னொரு தலைமுறை கலந்தால் எலுமிச்சை. ஒவ்வொரு முறையும் பழம் பருக்கிறது, குளிர் தாங்கும் சக்தி ஒரு படி இறங்குகிறது. நாம் இன்று கடையில் பார்க்கும் வகைகள் எல்லாம் இந்த ஏணியில் எங்கோ ஒரு படியில் நிற்பவைதான். பழம் 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கிராப் ஆப்பிள் என்பது வழக்கம். ஆப்பிளுக்கும் கிராப்புக்கும் நடுவில் பிறந்ததை ஆப்பிள்கிராப் என்கிறார்கள். கிராப் என்றாலே அழகுக்கு வைக்கிற மரம், தின்ன முடியாது என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மரங்கள்

முதலில் பழுப்பவை ஹேயர் 12, நார்லாண்ட், பார்க்லாண்ட். சஸ்காச்சுவானில் நெவில் என்ற சின்ன ஊரில் அடால்ஃப் ஹேயர் என்ற விவசாயி விதை போட்டு வளர்த்த மரம் ஹேயர் 12. பிழைப்பது என்ற ஒரே பரீட்சை வைத்தால் இதற்கு முதல் மார்க். எட்மண்டனுக்கு வடக்கே, பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு மேலே, வேறு எதுவும் நிற்காத இடத்திலும் காய்க்கும். பச்சை மஞ்சள் நிறம், நல்ல புளிப்பு, நிறைய சாறு.

ஆனால் நாலே நாள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு ஹேயர் 12 இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் ஒரு வாளி பழம் கொண்டுவந்து கொடுப்பார். திங்கள்கிழமை கடித்தால் நறுக்கென்று இருக்கும். வியாழக்கிழமை பெருவிரலால் அழுத்தினால் குழி விழும். அடுத்த திங்கள் வெட்டிப் பார்த்தால் உள்ளே மாவு. வளர்ந்த மரம் நல்ல வருஷத்தில் 50 கிலோவைத் தாராளமாகக் கொடுக்கும். அந்த 50 கிலோவும் பத்து நாளில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? பெரியவர் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுகிறார். கடைசியில் கதவைத் திறக்க ஆளில்லை.

நார்லாண்டும் பார்க்லாண்டும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் பெற்றோர் ரெஸ்க்யூவும் மெல்பாவும். மெல்பா, மெக்கின்டாஷ் என்ற ஆப்பிள் வகையின் பிள்ளை என்பதால் அந்த வாசனை லேசாக இருக்கும். நார்லாண்ட் மரம் பெரிதாக வளராது, சின்னத் தோட்டத்துக்குத் தோது, சீக்கிரம் காய்ப்புக்கு வரும். ஒரு சூட்சுமம்: முழுச் சிவப்பாகும்வரை காத்திருக்கக் கூடாது. அடிநிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறத் தொடங்கும்போதே, சிவப்புக் கோடுகள் பாதி ஏறியிருக்கும்போதே பறித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் நிற்கும். மரத்திலேயே பழுக்க விட்டால் ஹேயர் கதைதான். இந்த மூன்றில் ஒன்றுதான் வேண்டும் என்றால் நார்லாண்டை எடுப்பேன். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஆகஸ்ட் விடுமுறையில் மரத்தடியிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஆகஸ்ட் ஆப்பிளை ஒற்றை மரமாக வைக்காதீர்கள்.

செப்டம்பரில் பழுப்பவை

இங்கேதான் நிஜமான போட்டி. குட்லாண்ட், நார்கென்ட், செப்டம்பர் ரூபி, பிரெய்ரி சன், பிரெய்ரி சென்சேஷன், ஹரால்சன் என்று பட்டியல் நீளும். கரோல், பாட்டில்ஃபோர்ட் போன்ற பழைய பெயர்களும் உண்டு. கிடைத்தால் பரவாயில்லை, தேடி அலைய வேண்டாம்.

குட்லாண்ட் 1955இல் மனிடோபாவின் மார்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. பிரெய்ரி ஆப்பிள்களில் இது பெரிய பழம். கையில் எடுத்தால் 'ஆப்பிள்' என்று நம்பலாம். வெளிர்ப் பச்சையில் சிவப்பு பூசியது போல் இருக்கும். தின்னலாம், சமைக்கலாம், ஒழுங்காக வைத்தால் கிறிஸ்துமஸ் தாண்டியும் நிற்கும். குறை, குளிர் தாங்குவதில் இது ஏணியின் கீழ்ப்படியில் இருக்கிறது. சஸ்கட்டூன் நகருக்குள், வீடுகளின் நடுவே, வடமேற்குக் காற்று நேராக அடிக்காத இடத்தில் நன்றாக நிற்கும். ஊருக்கு வெளியே திறந்த வெளியில் ஒரு மோசமான குளிர்காலத்துக்குப் பிறகு உச்சிக் கிளைகள் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நார்கென்டும் செப்டம்பர் ரூபியும் ஹரால்சன், ரெஸ்க்யூ இரண்டின் பிள்ளைகள். அப்பா அம்மா ஒன்று என்றாலும் குணம் வேறு. செப்டம்பர் ரூபி கருஞ்சிவப்பு, புளிப்புத் தூக்கல், கட்டியான சதை. ஆல்பர்ட்டாவில் பிறந்ததால் கால்கரி, எட்மண்டன் பக்கம் அதற்கு நல்ல பேர். நார்கென்ட் வேறு ரகம். கடித்ததும் ஆப்பிளோடு ஒரு பேரிக்காய் வாசனை வரும். இனிப்பு முன்னால் வந்து, புளிப்பு பின்னால் தெரியும். முதல்முறை என் மனைவியிடம் கொடுத்தபோது, "ஊட்டி பேரிக்காயையும் ஆப்பிளையும் ஒண்ணா கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அதைவிட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை. குளிர்பெட்டியில் இரண்டு மாதம் நறுக்கென்று நிற்கும். கன்று நட்ட மூன்றாம் நான்காம் வருஷமே காய்க்கும். குளிரும் குட்லாண்டைவிட ஒரு படி கூடத் தாங்கும் என்பது என் அனுபவம்.

குட்லாண்டா நார்கென்டா என்றால், பெரிய பழமும் சமையலும் முக்கியம் என்பவர் குட்லாண்டை எடுக்கலாம். கடித்துத் தின்னவே மரம் வைக்கிறேன் என்பவருக்கு நார்கென்ட். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பிரெய்ரி சன்னும் பிரெய்ரி சென்சேஷனும் நம்மூர்ப் பிள்ளைகள், சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் வெளியிட்டவை. கடை ஆப்பிளுக்குப் பழகிய நாக்குக்கு ஏற்ற இனிப்பு, நறுக்கு. கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் எல்லா வருஷமும் எல்லா இடத்திலும் கன்று கிடைக்காது. பிப்ரவரியிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

ஹரால்சன் மினசோட்டாவின் 1922ஆம் வருஷத்து வகை. சேமித்து வைக்க அருமையான பழம், ஆனால் தாமதம். வின்னிப்பெக், மார்டன் பக்கம் கோடை நீளம், வெயிலும் சூடு. அங்கே துணிந்து வைக்கலாம். கால்கரியில் கோடை ராத்திரிகள் குளிர்ந்தவை, பழம் முற்றாமலே அக்டோபர் வந்துவிடும். கால்கரிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, சினூக் என்ற வெப்பக்காற்று. ஜனவரியில் மைனஸ் 25லிருந்து ஒரே நாளில் பிளஸ் 8க்கு ஏறி, மறுநாள் திரும்ப இறங்கும். மரத்துக்கு வசந்தம் வந்துவிட்டதோ என்று குழப்பம். குளிரை வைத்து ஊர்களுக்கு எண் போட்டுப் பிரித்த மண்டலக் கணக்கில் கால்கரி சஸ்கட்டூனைவிடச் சூடான மண்டலம்தான். ஆனால் அந்த எண்ணை நம்பி மென்மையான வகை வைத்தவர்கள் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எலுமிச்சை அளவுப் பழத்துக்கு ஒரு வக்காலத்து

ஆப்பிள்கிராப்பில் மூன்று பேரைச் சொல்லலாம். ரெஸ்க்யூ, 1930களில் சஸ்காச்சுவானின் ஸ்காட் நிலையத்தில் பிறந்தது. இதன் பிள்ளைகள்தான் மேலே பாதிப் பட்டியலை நிரப்பியிருக்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். குளிருக்கு இரும்பு. ஆனால் ஆகஸ்டில் பழுத்துச் சீக்கிரம் மாவாகும். பிள்ளைகளே அதைவிட நன்றாக இருக்கும்போது இதை வைக்க இன்று காரணம் இல்லை. டிரெய்ல்மேன், சாண்டர்ஸ் காலத்து ஆஸ்மன் என்ற வகையின் வழி வந்தது. ஹேயர் 12 நிற்கிற இடத்திலெல்லாம் இதுவும் நிற்கும். பழம் சின்னது, ஆனால் தேன். முழுசாகச் சர்க்கரைப் பாகில் போட்டு வைக்க இதைவிட நல்லது இல்லை.

மூன்றாவது கெர். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். தம்பியும் காபி ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார்.

கெர் 1952இல் மார்டனில் வெளியானது. டால்கோ கிராப்பும் ஹரால்சனும் பெற்றோர். ஒரு பக்கம் ரஷ்ய விதையின் உறுதி, இன்னொரு பக்கம் ஹரால்சனின் சேமிப்புத் திறன். பழம் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்புக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய சிவப்பு. செப்டம்பர் கடைசியில் பறித்த அன்று தின்றால் ஏமாந்துபோவீர்கள். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, முகம் சுளிக்க வைக்கும் புளிப்பு. நானும் முதல் வருஷம் அப்படித்தான் ஏமாந்து, ஒரு பையில் போட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் தள்ளிவிட்டு மறந்துபோனேன். டிசம்பரில் காய்கறி தேடும்போது கையில் தட்டுப்பட்டது. துவர்ப்பு போயிருந்தது. புளிப்பு இறங்கி இனிப்பு மேலே வந்திருந்தது. தோல் மட்டும் லேசாகச் சுருங்கியிருக்க, சதை அதே நறுக்கு. வெளியே மைனஸ் 31. கொல்லையில் காய்த்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அதே மரத்தைப் பார்த்தபடி தின்றேன். அது வரைக்கும் எனக்கும் கிராப் என்றால் அலட்சியம்தான்.

இன்னொரு விஷயமும் கெருக்குச் சாதகம். இங்கே ஆப்பிளுக்குக் குளிரை அடுத்த பெரிய எதிரி ஃபயர் பிளைட் என்ற தீக்கருகல் நோய். எர்வினியா என்ற பாக்டீரியா பூ வழியாகவும், ஆலங்கட்டி அடித்த காயம் வழியாகவும் உள்ளே நுழையும். பூக்கும் நேரத்தில் வெக்கையும் மழையும் சேர்ந்தால் கொண்டாட்டம். துளிர் நுனி கறுத்து, கைத்தடியின் வளைந்த பிடி போலத் தொங்கும். நெருப்புப் பட்டது போலவே இருக்கும். கருகல் தெரிகிற இடத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, நல்ல கிளையோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். கெர் இந்த நோயை ஓரளவு நன்றாகவே தாங்கும்.

டால்கோவும் தொக்கும்

சுத்தமான கிராப்பில் ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: டால்கோ. தென் டகோட்டா கல்லூரிப் பேராசிரியர் நீல்ஸ் ஹான்சன் 1897இல் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த விதையில் முளைத்து, 1917இல் வெளியானது. பழம் உருண்டையில்லை, நீள்வட்டம். பெரிய பேரீச்சம்பழ அளவு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மே கடைசியில் மரம் முழுக்க வெள்ளைப் பூ. வெள்ளைக்காரர்கள் இதில் ஜெல்லி செய்வார்கள். பழச்சாற்றை உறைய வைக்கும் பெக்டின் இயல்பிலேயே அதிகம் என்பதால் சர்க்கரையும் பழச்சாறும் மட்டும் போதும், மாணிக்கம் மாதிரி உறைந்து நிற்கும்.

நம் வீட்டில் தொக்கு. மாங்காய்த் தொக்கு எப்படியோ அப்படியே: கொட்டை எடுத்துத் தோலோடு துருவி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும். மாங்காயைப் போல நெடுநேரம் கிளற வேண்டியதில்லை. பெக்டின் வேலையால் பத்து நிமிஷத்தில் எண்ணெய் பிரிந்து சுருண்டுவிடும். கிளிமூக்கு மாங்காய்க்குப் பெரிய ஊரிலிருந்து வரும் லாரிக்காகக் காத்திருந்த காலம் எங்கள் வீட்டில் முடிந்தது. தயிர்சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொண்டு தின்ற பிறகுதான் தம்பி "தின்ன முடியாத ஆப்பிள்" என்று சொல்வதை நிறுத்தினார்.

டால்கோவின் குறை அதன் உருவம். எட்டு மீட்டர் வரை வளரும், பழுத்ததும் பொலபொலவென்று கொட்டும். நடைபாதை ஓரத்தில் வைத்தால் செப்டம்பர் முழுக்கக் குளவியும் வழுக்கலும். புது வீட்டுக் கொல்லைகள் இருக்கிற இருப்பில் பெரும்பாலானவர்களுக்கு இடம் போதாது.

அழகுக்கு வைக்கும் கிராப்புகள் பற்றி இரண்டே வார்த்தை. தண்டர்சைல்ட், ஊதா இலை, இளஞ்சிவப்புப் பூ, சஸ்காச்சுவானில் பிறந்தது, தீக்கருகலைத் தாங்கும், அதன் மகரந்தம் உங்கள் ஆப்பிளுக்கும் உதவும். ஸ்பிரிங் ஸ்நோ, வெள்ளைப் பூ, காயே காய்க்காது, தரை சுத்தமாக இருக்கும். ஆனால் மகரந்தத்துக்கு அதை நம்ப முடியாது. மகரந்தம் ஏன் முக்கியம் என்றால், ஆப்பிள் தன் வகைப் பூவாலேயே காய் பிடிக்காது. இரண்டு ஹனிக்ரிஸ்ப் வாங்கப் போன தம்பிக்கு இரண்டும் பிழைத்திருந்தால்கூட ஒன்றுக்கு ஒன்று துணையாகியிருக்காது. வேறு வகை ஒன்று, அதே வாரத்தில் பூப்பது, தேனீ பறக்கிற தூரத்தில் வேண்டும். பழைய குடியிருப்பு என்றால் தெருவில் யார் வீட்டிலாவது ஒரு கிராப் நிற்கும், கவலையில்லை. புதுக் குடியிருப்பில் சுற்றிலும் புல்லும் வேலியும்தான். இரண்டையும் நீங்களே வைக்க வேண்டும்.

அட்டையில் எழுதாதது

வகையின் பெயரைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் மண்ணுக்குள் இருப்பது வேறு மரம். ஒட்டுக்குக் கீழே என்ன வேர்ச்செடி என்று கேளுங்கள். சைபீரிய கிராப் விதையில் வளர்த்ததென்றால் நிம்மதி; மரம் பெரிதாகும், கவாத்து செய்து அடக்க வேண்டும், அவ்வளவுதான். குட்டையாக வேண்டும் என்றால் ஒட்டாவா 3, ரஷ்யாவின் பட் 9 இரண்டும் குளிரை மதிக்கத் தெரிந்தவை. ஆனால் பிடிமானம் கம்மி, ஆயுள் முழுக்கக் கம்பு நட்டுக் கட்ட வேண்டும். இங்கிலாந்தின் எம் 9 மேல் ஒட்டியதென்றால், மேலே எவ்வளவு உறுதியான வகை இருந்தாலும் பனிப்போர்வை இல்லாத ஒரு டிசம்பரில் வேர் போய்விடும். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் நான் வாங்குவதில்லை.

ஒரே மரத்தில் நாலு வகை ஒட்டிய கன்றுகளும் விற்கிறார்கள். இடம் குறைவு, மகரந்தப் பிரச்சினையும் இல்லை என்று ஆசை காட்டும். மூன்றாம் வருஷத்தில் ஒரு வகை மட்டும் ஓங்கி வளர்ந்து மற்றதை அமுக்கும். தீக்கருகல் வந்தால் நாலுக்கும் சேர்ந்து வரும். ஒரு மரத்துக்கு மட்டும்தான் இடம், பக்கத்தில் வேறு ஆப்பிளும் இல்லை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

தம்பி என்ன செய்தார்

அவர் நிலைமை இது: புதுக் குடியிருப்பு, மேற்கில் வயல்வெளி, காற்றுக்குத் தடுப்பு இல்லை, இரண்டு மரத்துக்கு இடம், இரண்டு பெண் குழந்தைகள், சமைக்க ஆர்வமுள்ள மாமியார் வருஷத்துக்கு ஆறு மாதம் வந்து தங்குகிறார். நகருக்குள் பழைய மரங்களின் மறைவில் இருந்திருந்தால் குட்லாண்டையும் நார்லாண்டையும் சொல்லியிருப்பேன். வடக்கே பண்ணை வீடு என்றால் டிரெய்ல்மேனும் ஹேயரும். இவருக்கு நான் சொன்னது நார்கென்டும் கெரும். ஒன்று செப்டம்பரில் கடித்துத் தின்ன, மற்றது டிசம்பருக்கு. மாமியாருக்குத் தொக்குக்குப் புளிப்பு வேண்டுமென்றால் கெரைப் பறித்த வாரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், டால்கோவின் பிள்ளைதானே.

ஜூன் முதல் வாரத்தில் இரண்டையும் நட்டோம். ஆகஸ்டிலிருந்து உரம் போடக் கூடாது, தண்ணீரைக் குறைக்க வேண்டும், அக்டோபரில் மண் உறைவதற்கு முன்னால் மட்டும் ஒருமுறை நன்றாக ஊற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தென்மேற்குப் பக்கப் பட்டை பிப்ரவரி வெயிலில் சூடாகி ராத்திரி வெடிக்காமல் இருக்க வெள்ளைச் சுற்றும், முயலுக்கு இடுப்பளவு கம்பிவலையும் போட்டார்.

மார்ச்சில் ஒரு படம் அனுப்பினார். நார்கென்டின் பக்கக் கிளைகள் எல்லாம் சீவிவிட்டது போல, கம்பிவலைக்கு ஒரு சாண் மேலே. கீழே ஒரு வரி: "அண்ணே, முயல் ஏணி போட்டு ஏறிச்சா?"

வலையைச் சுற்றி இடுப்பளவு பனி குவிந்திருந்ததைப் படத்தில் நானும் பார்த்தேன். நடுத்தண்டு தப்பித்துவிட்டது, மே மாதம் துளிர்க்கும். அடுத்த குளிர்காலத்துக்கு வலையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன். கெரை அது தொடவே இல்லை.